திட்டு இருக்கட்டும்

"அந்தத் திட்டை நான் வெட்ட மாட்டேன். ஆல்பத்துல அப்படியே வரும்" என்றாள் சவுண்ட் அக்கா.

ஸ்டுடியோவில் எல்லோருக்கும் அவள் சவுண்ட் அக்காதான். ஒரு ராக் பாடகரின் மேடைக் கச்சேரியை ஆல்பமாக வெளியிடப் போகிறார்கள். அதைச் செதுக்கிச் சேர்க்கும் வேலை அவளுடையது. எதிரே கையைப் பிசைந்துகொண்டு நின்றவர் ஆல்பம் கம்பெனி மேனேஜர்.

திட்டு என்ன திட்டு என்றால், கச்சேரி களை கட்டியிருந்த நேரத்தில் பாடகர் திடீரென்று லைட் போடுகிறவரை மைக்கிலேயே வாங்கு வாங்கென்று வாங்கிவிட்டார். இது லைட்டா, இல்லை கண் ஆபரேஷனா, எல்லாத்தையும் அணை என்று கத்தினார். போட்டிருந்த கோட்டைக் கழற்றிப் பின்னால் விட்டெறிந்தார். மேடை இருண்டது. ஒரு முழுப் பாட்டு இருட்டிலேயே ஓடியது.

மறுநாள் பத்திரிகைகளெல்லாம் தலைக்கனம் என்று எழுதித் தீர்த்தன.

அதைக்கூட அவள் பெரிதுபடுத்தியிருக்க மாட்டாள். ஆனால் அந்த லைட் போடுகிறவர் அவள் வீட்டுக்காரர்.

மனுஷன் அன்றிலிருந்து இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். அத்தனை பேர் முன்னால் மானம் போச்சு என்பார், சோபாவில் சாய்வார். பாத்திரம், துணி என்று அவர் பங்கு வேலையெல்லாம் இவள் தலையில் விழுந்தது. அவள் முகம் சுளிக்கவில்லை. அடிபட்ட மனசு, ஆறட்டும் என்று டீயைக்கூடக் கையில் கொண்டுபோய்க் கொடுத்தாள்.

மேனேஜர் கெஞ்சினார். பாடகர் பேர் இன்னும் நாறிப்போகும் என்றார்.

"நாறட்டும். ஊரே கேக்கட்டும்."

அவர் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு வேலையில் இறங்கினாள். திட்டு இன்னும் பளிச்சென்று கேட்க வேண்டும். மேடையில் இருந்த ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாகப் பதிவாகியிருந்தது. கூட்டத்தின் இரைச்சலை அடக்கினாள். கிதாரை அடக்கினாள். டிரம்ஸ் மைக்கையும் அடக்கப் போனவள், அதில் யாரோ கிசுகிசுப்பதைக் கேட்டுச் சத்தத்தைக் கூட்டினாள்.

"அண்ணே, அறிமுகம் பண்றப்போ பேரைச் சொல்லி என்னை எழுந்து நிக்கச் சொல்லிடாதீங்க. பேன்ட் பின்னாடி கிழிஞ்சுபோச்சு."

டிரம்ஸ் வாசிக்கிறவன். ஆள் மலை மாதிரி இருப்பான். குரல் எலிக்குஞ்சு மாதிரி வந்தது.

"எவ்வளவு?" இது பாடகர்.

"முழுசா, அண்ணே. முன்வரிசையில நான் கட்டிக்கப்போற பொண்ணு, அவங்க அப்பா, அம்மா எல்லாம் உக்காந்திருக்காங்க."

பாடகர் குரல் இன்னும் தணிந்தது.

"அசையாத. என் கோட்டு வரும். இருட்டுல இடுப்புல கட்டிக்க."

அடுத்து அந்தக் கத்தல்.

சவுண்ட் அக்கா ஹெட்ஃபோனைக் கழற்றினாள். சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது.

பாடகருக்குப் போன் போட்டு வரச் சொன்னாள். வந்ததும் அவருக்கு அதைப் போட்டுக் காட்டினாள். அவர் பதறிப்போய் அழித்துவிடச் சொன்னார்.

இதை ஆல்பத்தில் சேர்த்தால் போதும், உங்கள் மேல் ஒட்டிய சேறெல்லாம் ஒரே நாளில் போய்விடும் என்று அவள் சொல்லிப் பார்த்தாள்.

"வேண்டாம்க்கா. அவனுக்குக் கல்யாணம் வருது. திட்டு இருக்கட்டும், கிழிசல் வேண்டாம். ராக் பாடுறவனுக்குக் கொஞ்சம் கெட்ட பேரு இருந்தாத்தான் டிக்கெட்டும் விக்கும்."

அவர் கண்ணெதிரே அவள் அதை அழித்தாள். ஆனாலும் மனசு ஒப்பவில்லை.

"எல்லாம் சரி, தம்பி. நடுவுல எங்க வீட்டுக்காரர் என்ன பாவம் பண்ணார்? அவர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. மனுஷன் இன்னும் சோபாவை விட்டு எழுந்திருக்கல."

பாடகர் குழம்பிப்போய் அவளைப் பார்த்தார்.

"அண்ணன்கிட்டயா? கச்சேரி முடிஞ்ச கையோட ஓடிப்போய்க் கையைப் புடிச்சுக்கிட்டு மன்னிப்புக் கேட்டேனேக்கா. விஷயத்தைச் சொன்னதும் விழுந்து விழுந்து சிரிச்சார். பாவம் அவன் மானம் போகக் கூடாது, என் பொண்டாட்டிகிட்டகூட மூச்சு விடமாட்டேன்னு அவரே சத்தியம் பண்ணிக் கொடுத்தார்."

அவள் வீடு திரும்பியபோது வீட்டுக்காரர் சோபாவில் சாய்ந்து விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். மனசே சரியில்லை, ஒரு டீ கிடைத்தால் தேவலை என்றார்.

அவள் பையைக் கீழே வைத்துவிட்டு அவர் எதிரில் வந்து நின்றாள்.

"ஏங்க, உங்க பேன்ட் கிழிஞ்சிருக்கா?"

அவர் முகத்தில் ஈயாடவில்லை. மெதுவாக இல்லையென்று தலையாட்டினார்.

"அப்போ எழுந்திரிங்க. பாத்திரம் கிடக்கு."