மூன்றில் இரண்டு பங்கு

“குட்டிச் சூரியனையே செய்யப்போறோம்,” என்று அணுப்பிணைவு மின்நிலையத் திட்டத்தைப் பொறியாளர் டெல்பின் விளக்கி முடித்ததும் தூத்துக்குடி மண்டபத்தில் கம்பெனி ஆட்கள் பலமாகக் கைதட்டினார்கள்.

மணப்பாட்டிலிருந்து வந்திருந்த மீனவர் ரோச் எழுந்தார். “சரி மேடம். அதுலேர்ந்து கரண்டு எப்படி எடுப்பீய?”

“அணுக்கள் சேரும்போது வர்ற சூட்டுல தண்ணியைக் கொதிக்க வைப்போம். நீராவி டர்பைனைச் சுத்தும்.”

“நம்ம ஊரு தெர்மல் பிளான்ட் மாதிரிதான்!” என்று யாரோ சிரித்தார்கள்.

ரோச் உட்காரவில்லை. “மூணுல ரெண்டு பங்கு சூடு கரண்டா மாறாம கடலுக்குத்தான் வருமாமே? அப்பம் மீனு எங்கன போவும்?”

அந்தக் கணக்கைச் சொல்லும் ஸ்லைடை, மேலதிகாரி சொன்னாரென்று காலையில்தான் நீக்கியிருந்தாள் டெல்பின்.

“அதையெல்லாம் பார்த்துக்கலாம்,” என்று மழுப்பிவிட்டு மைக்கை வைத்தாள்.

வெளியே வந்ததும் மேலதிகாரி சீறினார். “இந்தக் கணக்கு அந்தாளுக்கு எப்படித் தெரியும்? உங்களுக்குப் பழக்கமா?”

“யாருன்னே தெரியாது சார்.”

இரண்டடி தள்ளித்தான் நின்றிருந்தார் ரோச்.

மேலதிகாரியின் கார் கிளம்பும்வரை காத்திருந்துவிட்டு அவளருகே வந்தார். அவளால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

“நேத்து வீட்டுல நீ சொன்ன கணக்கத்தான மக்கா கேட்டேன்? எம்மக டக்குன்னு பதில் சொல்லிப் பேரு வாங்கட்டும்னு நெனச்சேன்.”