மிஷினை ஏமாத்துன ஆளு

எட்டாயிரத்து நானூறு ரூபாய். உத்திரமேரூர் அரிசி ஆலை முதலாளி அம்முலுவுக்குத் தரவேண்டிய இருபத்தோரு நாள் கூலி.

“மூட்டை தூக்கித் தூக்கி உன் கைரேகை தேஞ்சுபோச்சு, ஒரு விரலையும் மிஷின் எடுக்கல. அப்புறம் எப்படிம்மா தினமும் நீ வந்ததா காட்டுது?” என்றார் முதலாளி.

வருகைப்பதிவு மிஷினுக்குப் புரோகிராம் எழுதிய கல்பனா சென்னையிலிருந்து வந்திருந்தாள். “இது ஹேக்கர் வேலை சார்.”

“திருட்டு வேலையா? அப்போ கூலி கிடையாது.”

அம்முலுவுக்குச் சுருக்கென்றது. “திருடியா நானு?” என்று குனிந்து செருப்பைக் கழற்றினாள்.

முதலாளி நாற்காலியோடு பின்னால் நகர்ந்தார்.

அவளோ காலைத் தூக்கி, ஸ்டூல் மேலிருந்த மிஷினில் கட்டைவிரலை வைத்தாள். பச்சை விளக்கு எரிந்தது.

“மேஸ்திரி புதுசா விரலு பதிய சொன்னாரு. செருப்புக்குள்ள கீற விரலு தேயலியே, அத்த பதிஞ்சேன். வேலைக்கு வராத ஒரு நாளு பதிஞ்சிருந்தா சொல்லு.”

கல்பனா எழுந்தே நின்றுவிட்டாள். “சார், எங்க ஆளுங்க நடுவுல ஹேக்கர்னா திருடன் இல்ல. யாருக்கும் தோணாத வழியைக் கண்டுபிடிக்கிற கெட்டிக்காரங்க. அந்தப் பேரை நாமளே வச்சுக்கக் கூடாது, அடுத்தவங்க குடுக்கணும். பதினோரு வருஷமா புரோகிராம் எழுதறேன், எனக்கு இன்னும் யாரும் குடுக்கல. இவங்க கூலியைக் குடுத்துடுங்க சார்.”

முதலாளி பணப்பெட்டியைத் திறந்து மொத்தத்தையும் எண்ணிக் கொடுத்தார்.

அம்முலு பணத்தை முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“பத்து வருஷமா நாங்க கெஞ்சியும் சுளுவா தொறக்காத பொட்டி கண்ணு இது. நாலே பேச்சுல தொறந்துட்டியே! நீயும் ஹேக்கருதான், போ.”