பொங்கலோட முடியுற போர்ஷன்

"பொங்கலோட போர்ஷன் முடிஞ்சிடும் சார்" என்று உமையாள் டீச்சர் போனில் சொன்னது ஜன்னல் வழியே காதில் விழுந்ததும், வீட்டுக்காரி மஞ்சுளாவுக்குப் பகீரென்றது.

எட்டிப் பார்த்தாள். உள்ளே அட்டைப்பெட்டிகள். நடுவில் டீச்சர் கயிறும் கையுமாக உட்கார்ந்திருந்தாள்.

போச்சுடா.

பாகூரில் மஞ்சுளா வீட்டுப் பின்பக்கப் போர்ஷனுக்கு டீச்சர் குடி வந்து ரெண்டு வருஷம் ஆகிறது. புருஷனும் பிள்ளையும் காரைக்காலில், இவள் மட்டும் இங்கே தனியாக. இது இன்னா குடும்பமோ என்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள்தான் மஞ்சுளா.

மகள் தீபிகா பத்தாவது. கவர்மெண்ட் பள்ளிக்கூடத்தில் சிலபஸை மாற்றியதிலிருந்து கணக்கு என்றாலே அழுகை. தவளக்குப்பத்து டியூஷன் சென்டரில் கேட்டால், பழைய சிலபஸ் என்றால் கண்ணை மூடிக்கொண்டு நடத்துவோம், புதுசுக்கு ஆளில்லை என்று கையை விரித்துவிட்டார்கள். பள்ளிக்கூடத்தில் அவளுக்குக் கணக்கு எடுக்கும் உமையாள் டீச்சர்தான் சாயங்காலம் வகுப்புப் பிள்ளைகளையெல்லாம் வீட்டுக்கே வரச் சொல்லி, தீபிகாவையும் சேர்த்து உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தாள்.

அந்தக் கூட்டம்தான் மஞ்சுளாவுக்குப் பிடிக்கவில்லை. வாசல் நிறைய செருப்பு, ஓயாத கூச்சல். இது வூடா பள்ளிக்கூடமா என்று போன வாரம் முகத்துக்கு நேராகவே கேட்டுவைத்தாள். மறுநாளிலிருந்து தீபிகாவைத் தவிர ஒரு பிள்ளையும் வரவில்லை.

இப்போது டீச்சரே கிளம்பினால்? பரீட்சை பிப்ரவரியில். இந்தப் பாழும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கக் கூடாதா என்று தன்னையே திட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

"டீச்சர், ஏதோ கோவத்துல சொல்லிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க. புள்ளைங்க வரட்டும். எடம் பத்தலன்னா எங்க கூடத்துலயே உக்காரட்டும், நான் டிவியே போடல. போர்ஷன மட்டும் காலி பண்ணிடாதீங்க."

டீச்சர் முழித்தாள். யார் காலி பண்ணுவதாகச் சொன்னது என்று கேட்டாள்.

"பொங்கலோட போர்ஷன் முடிஞ்சிடும்னு போன்ல சொன்னீங்களே?"

டீச்சருக்குச் சிரிப்பு அடங்கவே நேரமாயிற்று. "ஐயோ அக்கா, அது பாடத்துப் போர்ஷன். ஹெச்.எம். சார் கேட்டாரு. பொங்கலுக்குள்ள சிலபஸ முடிச்சாதான் ரிவிஷனுக்கு நாள் கெடைக்கும்."

அப்பாடா. மஞ்சுளாவுக்குப் போன உசுரு திரும்பி வந்தது. உசுரோடு சேர்ந்து இன்னொரு நினைப்பும் வந்தது. அவசரப்பட்டுக் கூடத்தைத் தாரை வார்த்துவிட்டோமே, சாயங்கால சீரியல் போச்சே. சொன்னதை எப்படி வாபஸ் வாங்கலாம் என்று யோசித்தபடி பெட்டிகளைக் காட்டினாள்.

"அப்ப இதெல்லாம் எதுக்குக் கட்டுறீங்க?"

"கட்டலக்கா, பிரிக்கிறேன்." டீச்சரின் சிரிப்பு கொஞ்சம் தணிந்தது. "வந்த நாள்லேர்ந்து கேட்டுட்டிருந்த காரைக்கால் டிரான்ஸ்ஃபர் போன வாரம் வந்துச்சு. எம்புள்ளகிட்ட போயிடலாம்னு சந்தோஷத்துல அன்னிக்கே எல்லாத்தயும் கட்டிட்டேன். அப்புறம் உங்க தீபிகா மூஞ்சியப் பாத்தேன். பரீட்சை முடியட்டும், அப்புறம் போறேன்னு எழுதிக் குடுத்துட்டேன். அந்தப் போர்ஷன முடிக்காம இந்தப் போர்ஷன எப்டிக்கா காலி பண்றது?"