கொத்தளத்தில் தனியாகப் பேசியது

"உலக வரலாறே ஒரு மத்தியானத்துல திசை மாறிச்சு. அது மாறின எடம் இந்தக் கோட்டை வாசல்தான்."

அப்பா உயர்த்திய கையை இன்னும் இறக்கவில்லை. மாப்பிள்ளையின் அம்மா செருப்பைக் கழற்றி, உள்ளே புகுந்த மணலைக் கொட்டினாள்.

அவர்கள் பார்க்க வந்த பெண் அவள்; எல்லாருக்கும் பின்னால் நின்றாள். பட்டுப்புடவை. தலையில் கனகாம்பரம். கடற்காற்று இரண்டையும் மதிக்கவில்லை.

பெண் பார்க்க வருகிறவர்களை வீட்டுக்குத்தான் அழைத்துப் போவார்கள். அப்பா அவளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து, அவர்களுடைய வேனை ஊர் முகப்பிலேயே மறித்துவிட்டார்.

"வீடு எங்க போயிடப் போகுது? கோட்டையை அஞ்சு மணிக்குப் பூட்டிடுவான்."

வீட்டில் அம்மாவும் கேசரியும் ஆறிக்கொண்டிருந்தார்கள்.

அப்பா சிவக்கொழுந்து, ஊர்த் தொன்மைப் பாதுகாப்புக் கழகத்தின் நிறுவனர். தலைவரும் அவரே. உறுப்பினர் அம்மா; அவளும் சந்தா கட்டியதில்லை. பெண்ணைக் கோட்டையில் வைத்துக் காட்டினால் அதில் ஒரு கம்பீரம் இருக்கும் என்பது அவர் கணக்கு. இதற்கு முன் வந்தவர்களும் கம்பீரத்தைப் பார்த்தார்கள். இளநீர் குடித்தார்கள். ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அவ்வளவுதான்.

டச்சுக்காரன் கிடங்கு. உள்ளே ஆடுகள் படுத்திருந்தன.

டச்சுக்காரன் கல்லறை. மேலே யாரோ வலை காயப் போட்டிருந்தார்கள்.

"முந்நூறு வருஷம். புயல் வந்துச்சு, பீரங்கி வந்துச்சு. ஒரு செங்கல்ல அசைக்க முடியல."

மாப்பிள்ளையின் அக்கா கால் வலிக்கிறதென்று சுவரில் சாய்ந்தாள். ஒரு செங்கல் விழுந்தது.

"அது பின்னால வந்தவன் கட்டினது" என்றார் அப்பா.

அவள் மாப்பிள்ளையை மட்டும் பார்த்தாள். மதிவாணன். கரூரில் பஸ் பாடி கட்டும் பட்டறை. முன்நெற்றி ஏறத் தொடங்கியிருந்தது. நல்ல முகம். அப்பா பேசும்போது கொட்டாவி விடாத முதல் ஆள். ஒரு காலில் நிற்பதும் மறுகாலுக்கு மாறுவதுமாக இருந்தார். முகத்தில் ஏதோ தவிப்பு. அதை அவள் ஆர்வம் என்று எடுத்துக்கொண்டாள்.

அவரிடம் சொல்ல ஒரே ஒரு வாக்கியம் வைத்திருந்தாள்.

என்னை இந்த ஊரைவிட்டுக் கூட்டிக்கொண்டு போய்விடுங்கள்.

அடுப்படியில், மொட்டைமாடியில், துணி அலசும்போது, அதைச் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தாள். இடிந்ததையெல்லாம் பெருமையாகப் பார்க்கிற ஊர். முப்பத்தாறு வயதில் அவளையும் அப்படிப் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள்.

"ரெண்டு பேரும் தனியாப் பேசிட்டு வரட்டுமுங்க" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. "இந்தக் காலத்துல அதெல்லாம் வேணுமில்லீங்க."

"அதுக்கென்ன, மேல கொத்தளம் இருக்கு. அங்கேருந்துதான் டச்சுக்காரன் பீரங்கிய..."

"பீரங்கி கெடக்கட்டுமுங்க."

படிகள் தேய்ந்திருந்தன. அவர் இரண்டிரண்டாகத் தாவி ஏறினார். அவ்வளவு அவசரம் அவளுக்குப் பிடித்திருந்தது.

மேலே காற்று. கடல். கீழே அண்ணாந்து பார்க்கும் அப்பாவும் மாப்பிள்ளை வீட்டாரும்.

அவர் திரும்பினார். முதல் தடவையாக அவளை நேருக்கு நேர் பார்த்தார். கண்ணில் லேசாக ஈரம்கூட இருந்தது.

வாக்கியம் அவள் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"ஏனுங்க, இங்க பாத்ரூம் எங்கீங்க இருக்குது?"

கரூரில் ஏறியது. வேன் வழியில் எங்கும் நிற்கவில்லையாம்.

அவள் பீரங்கி மேடைக்குப் பின்னால், கடலைப் பார்த்த சுவரைக் காட்டினாள். ஊர் ஆண்கள் தலைமுறை தலைமுறையாக ஒதுங்குவது அங்கேதான். கோட்டையில் இன்னும் புழக்கத்தில் இருப்பது அந்தச் சுவர் ஒன்றுதான்.

அவர் ஓடினார்.

அவள் படித் தலைப்பில் அவருக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டாள். யாரும் ஏறி வந்துவிடக் கூடாது.

கீழே மாப்பிள்ளையின் அக்கா போனைத் தூக்கிப் படம் எடுத்தாள்.

"வெக்கம்" என்று அப்பா அவர்களுக்கு விளக்கினார். "எப்படித் திரும்பி நிக்கிறா பாருங்க."

நேரம் போயிற்று.

"நல்லாத்தான் பேசிக்கிறாங்க" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா.

அவர் திரும்பி வந்தார். இப்போதாவது சொல்லிவிடலாம். அவள் வாயைத் திறந்தாள். அவர் தரையிலிருந்த செங்கல்லைப் பார்த்தபடி கேட்டார்.

"கை கழுவத் தண்ணி கெடைக்குமுங்களா?"

அதுவும் அங்கே இல்லை.

"பரவால்லீங்க" என்றார். அவளைச் சுற்றிக்கொண்டு படியிறங்கினார். முகத்தைப் பார்க்கவில்லை. இனி ஒருநாளும் பார்க்க மாட்டார் என்பது அவளுக்குத் தெரிந்துவிட்டது. தனக்கு அப்படிக் காவல் நின்றவளை ஆயுள் முழுக்க எதிரில் உட்கார வைத்துச் சோறு தின்ன எந்த ஆம்பிளைக்கு மனசு வரும்.

அவள் புடவை மடிப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினாள். அவசரம் ஒன்றுமில்லை.

கீழே அப்பா எதிர்கொண்டு ஓடினார்.

"என்ன மாப்ளே, பேசியாச்சா?"

"ஆச்சுங்க."

அப்பா கையை நீட்டினார். மாப்பிள்ளை தன் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார். அதை அப்பா அடக்கம் என்று எடுத்துக்கொண்டார். எட்டிப் பிடித்து இழுத்தார். இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்து அழுத்தினார்.

பிறகு அந்தக் கையைக் கண்களில் ஒற்றிக்கொண்டார்.