கார்டில் உள்ளபடி

“ஒரு வரி விட்டாலும் பேச்சு முடிஞ்சுது தம்பி. எழுந்து வாசலைப் பாத்துப் போய்க்கிட்டே இருக்கலாம்.”

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் இப்படிச் சொன்னதும் அவர் மகள் சுவரோரம் ஒதுங்கி நின்றாள். அவள் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட லிப்ட் மெக்கானிக், பின்னறையில் பழைய சலூன் நாற்காலி ஒன்றில், காலை எங்கே வைப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தான். எதிரே மூன்று கம்ப்யூட்டர் திரைகளிலும் ஒரே ஓடுபாதை. மேஜையில் விமானத்தின் ஸ்டீயரிங். இரண்டு பக்கமும், வீட்டு ஸ்விட்ச் போர்டுகளை வாங்கி மாட்டிய நாற்பது ஸ்விட்சுகள்.

இதில்தான் அப்பா பதினோரு வருஷமாக, வீட்டைவிட்டு நகராமல் விமானம் ஓட்டுகிறார். விமானம் பொம்மைதான், கார்டுகள் பொம்மையில்லை. கிளம்பும் முன் என்ன செய்ய வேண்டும், இறங்கும் முன் என்ன செய்ய வேண்டும் என்று வரிவரியாக டைப் செய்து, பிளாஸ்டிக் உறை போட்டு, வளையத்தில் கோத்து வைத்திருப்பார். ஒரு வரியை உரக்கப் படிக்க வேண்டும், அதைச் செய்ய வேண்டும், ‘ஆச்சு’ என்று சொல்ல வேண்டும். இவரைப் போலவே வீட்டில் விமானம் ஓட்டும் ஆட்கள் எங்கெங்கிருந்தோ கேட்டு வாங்கும் கார்டுகள் அவை. ஒரு எழுத்து பிசகியது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

கதவோரம் அத்தை. தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்து ஆளாக்கிய அக்கா. அவள் கிழித்த கோட்டை அப்பா தாண்டியதே கிடையாது.

“மேலயும் கீழயும் போய் வர்றவன் எங்கடா போய்ச் சேரப் போறான்?” என்று அத்தை ஆரம்பித்தாள். “அதைக்கூட விடு. நாலு தடவை வராதேன்னு சொல்லியும் வந்து நிக்கிறான். சொன்ன பேச்சு கேக்காதவன் நம்ம வீட்டுக்கு ஆகுமா?”

“அதுக்குத்தானேக்கா கார்டு. கேக்கிறவனா இல்லையான்னு அரை மணியில தெரிஞ்சுடும். கார்டுல இருந்தா செய்யணும். இல்லாததை, சொந்த மூளைன்னு தொடக்கூடாது. அவ்வளவுதான் பரீட்சை. சரியா?”

“சரிதான். தேறிட்டான்னா எனக்குப் பேச்சில்ல,” என்றாள் அத்தை, தேறமாட்டான் என்ற தைரியத்தில்.

மெக்கானிக் முதல் கார்டைப் பிடித்தான். “பேட்டரி, போடவும்... ஆச்சு. பெட்ரோல் பம்ப், போடவும்... ஆச்சு.”

“சத்தமா. வாய்க்குள்ளயே மெல்லாதே,” என்று அதட்டினார் அப்பா.

விமானம் குடித்தவன் மாதிரி ஓடுபாதையில் இப்படியும் அப்படியும் அலைந்து, எப்படியோ எழும்பியது. அடுத்த கார்டில் உள்ளபடி சக்கரங்களை மேலே மடக்கினான். மகள் நகத்தைக் கடித்தாள்.

“மாப்பிள்ளை ஆடுறாரு,” என்றாள் அத்தை.

“விமானம்தான் அத்தை ஆடுது.”

“ரெண்டும் ஒண்ணுதான். சும்மா இருடி.”

கடைசிக் கார்டு வந்தது. ‘இறங்கும் முன்’ என்று அதற்குத் தலைப்பு.

“வேகம், குறைக்கவும்... ஆச்சு. இறக்கை ஃபிளாப், இறக்கவும்... ஆச்சு. விளக்கு, போடவும்... ஆச்சு.”

படித்து முடித்தவன் தயங்கினான். வலப்பக்கம், நுனியில் குட்டிச் சக்கரம் வைத்த கைப்பிடி, எழும்பியபோது ஏற்றிவிட்டபடியே நின்றது. அவன் கை தானாக அதன் பக்கம் போனது.

“சார், இது...”

“கார்டுல இருக்கா?”

“இல்ல சார். ஆனா...”

“அப்புறம் எதுக்குக் கை போகுது?”

கை பதுங்கித் திரும்பி வந்தது. தரை மேலே ஏறி வந்தது. தகரத்தைத் தரையில் போட்டு இழுப்பது போல ஒரு சத்தம். விமானம் வயிற்றால் தேய்த்துக்கொண்டே போய், புல்லில் சுழன்று, குப்புறக் கிடந்தது.

அத்தை கைப்பையைத் தோளில் மாட்டினாள். “ஆச்சு. முந்நூறு பேரைக் கொன்னாச்சு. வாசல் அந்தப் பக்கம் தம்பி.”

மகளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அப்பா கார்டைப் பிடுங்கினார். கண்ணாடியை ஏற்றிப் படித்தார், இறக்கிப் படித்தார். முகம் சுண்டிப் போயிற்று.

“அக்கா, சக்கரம் இறக்கற வரி இதுல இல்ல.”

“இல்லன்னா?”

“சக்கரத்தை இறக்காம விமானத்தை எப்படி இறக்கறது? எழுத மறந்திருக்கேன். பையன் இருக்கற வரி எல்லாத்தையும் செஞ்சுட்டான். இல்லாததைத் தொடப் போனவன், ஒரு சொல் சொன்னதும் கையை எடுத்துட்டான். நீயும்தானே பாத்தே?”

அத்தை மகளை முறைத்தாள். “நீ ஏதாவது கைவெச்சியாடி?”

“இந்த ரூமுல தூசி தட்டக்கூட என்னை விடமாட்டாரு அத்தை.”

அத்தை கார்டை வாங்கி இரண்டு பக்கமும் புரட்டினாள். சொன்ன சொல்லை மாற்றும் பழக்கம் அவளுக்கு இல்லை. யாரையும் வையாமல் விடும் பழக்கமும் இல்லை.

“பதினோரு வருஷமா கார்டு கார்டுன்னு பீத்திக்கிட்டியேடா. சக்கரத்தை மறந்தவனை நம்பி இன்னும் எத்தனை பேர் பறக்குறானோ. உன் பொண்ணு, உன் மாப்பிள்ளை, என்னவோ செய்.” போகிற போக்கில் மெக்கானிக்கின் தலையில் ஒரு குட்டு வைத்தாள். “சொன்னா கேக்கிறவன்தான். எழுந்து வா, சொந்தக்காரங்களுக்கெல்லாம் போன் போடணும்.”

மெக்கானிக் அவள் கைப்பையை வாங்கிக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.

மகளுக்குச் சந்தோஷம் ஒரு பக்கம் இருந்தாலும், அப்பா பட்ட அவமானம் உறுத்தியது. பக்கத்தில் போய் நின்றாள்.

“விடுங்கப்பா. நீங்க ஒரு வரி மறந்ததுல எங்களுக்கு நல்லதுதானே நடந்திருக்கு?”

அப்பா கதவைச் சாத்தினார். கீபோர்டைத் தூக்கி, அடியிலிருந்து இன்னொரு ‘இறங்கும் முன்’ கார்டை எடுத்து நீட்டினார். சக்கரம் அதில் முதல் வரியாகவே இருந்தது.

“இந்த விமானத்தை முழுசா இறக்க எனக்கே எட்டு மாசம் ஆச்சும்மா,” என்றார் மெதுவாக. “எப்படியும் மோதத்தான் போறான், பழியாவது கார்டு மேல போகட்டும்னு காலையில எழுந்து புதுசா ஒண்ணு அடிச்சேன்.”