தடித்தது, மெலிந்தது

ஜீப்பின் பானட்டில் இரண்டு தோட்டாக்கள் நின்றன.

ஒன்று தடித்தது. வெள்ளிங்கிரியின் கட்டைவிரல் பருமன் இருந்தது. இன்னொன்று மெலிந்து நீண்டு, சுண்டுவிரல்போல.

அவர் இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார். தொடவில்லை.

"எதுல வலிக்காதுங்க?"

கேள்வி தேவசகாயத்துக்கு. அவர் காப்பித் தோட்டக்காரர். அந்த மலையில் உரிமத்தோடு ரைபிள் வைத்திருப்பவர் அவர் ஒருவர்தான் என்று வனத்துறை கூப்பிட்டிருந்தது. ரைபிள்கள் இரண்டும் ஜீப்பின் பின்சீட்டில் கிடந்தன. இன்னும் எதை எடுப்பது என்று முடிவாகவில்லை.

பள்ளத்துக்கு அந்தப் பக்கம் முகாம் யானை விருமன் கிடந்தது.

முந்தாநாள் மழையில், மேய்ந்துகொண்டிருந்த இடத்திலேயே மலை இறங்கிவிட்டது. யானையின் பின்பாதி மண்ணுக்குள். முன்கால் ஒன்று திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. வலியில் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தது. மண் இன்னும் சரிந்துகொண்டிருந்ததால் எந்த இயந்திரமும் அங்கே போகாது. வலி தெரியாமல் முடித்துவைக்கும் ஊசியோடு இறங்கிப் பார்த்த கால்நடை டாக்டரம்மா இரண்டு முறை சறுக்கி விழுந்து, முழங்கை கிழிந்து, அழுதுகொண்டே மேலே வந்தார்.

சுட்டுவிடலாம் என்ற அனுமதித் தாள் காலையில் வந்தது. அதில் விருமன் என்ற பெயர் இல்லை. ஓர் எண் இருந்தது.

தோட்டாக்களுக்கும் எண்தான் பெயர்.

"தடிச்சது மண்டை எலும்பையே உடைச்சிரும் வெள்ளிங்கிரி" என்றார் தேவசகாயம். "ஆனா கிட்ட இருந்து அடிக்கணும். இது முந்நூறு மீட்டரு. அங்க போறதுக்குள்ள குண்டு இடுப்பளவு கீழ இறங்கிரும். எங்க படும்னு என்னால உறுதியாச் சொல்ல முடியாது."

"மெலிசுங்க?"

"மெலிசு நேராப் போகும். சொன்ன இடத்துல படும். ஆனா நெத்தி எலும்பைத் தாண்டாது. பக்கவாட்டுல கிடைக்கணும். கண்ணுக்கும் காதுத் துளைக்கும் நடுவுல."

அந்த இடம் வெள்ளிங்கிரிக்குத் தெரியும்.

பதினெட்டு வருடமாக அவர்தான் பாகன். ஒவ்வொரு வருடமும் மதம் அடங்கியதும், கன்னத்தில் காய்ந்துபோன கறையைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவுவது அவர்தான். அதற்கென்றே விருமன் ஓடையில் ஒருக்களித்துப் படுத்துக் கண்ணை மூடிக்கொள்ளும். அந்தச் சுகத்துக்கு அரை நாள்கூடக் கிடக்கும்.

"மதத்தண்ணி ஒழுகுற ஓட்டைக்கு நாலு விரல் பின்னால வைங்க" என்றார். "அங்க எலும்பு மெலிசுங்க. தேய்க்கிறப்ப கைக்குத் தெரியும்."

மெலிந்த தோட்டாவை அவரே எடுத்துக் கொடுத்தார்.

கொடுத்த கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

தேவசகாயம் ஜீப்பின் மேல் மணல்மூட்டையை வைத்து, அதில் ரைபிளைச் சாய்த்தார். தொலைநோக்கியில் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணை எடுத்துவிட்டு வெள்ளிங்கிரியைப் பார்த்தார்.

"நீ இங்க நின்னா அது நேராத்தான் பாக்குது."

உண்மைதான். நேற்றிலிருந்து அதன் முகம் இந்தப் பக்கமேதான். அவர் நகர்ந்தால் தலையும் கூடவே நகர்ந்தது. சாப்பிடவில்லை. அவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தது.

என்ன செய்யவேண்டும் என்று வெள்ளிங்கிரிக்குப் புரிந்தது. ரோடு இடப்பக்கமாக வளைந்து தூரத்தில் முகாமுக்குப் போகிறது. அவர் அந்த வளைவு வரை நடந்தால் விருமனின் தலை அவர் பின்னாலேயே திரும்பும். கன்னம் இந்தப் பக்கம் கிடைக்கும்.

ஆனால் தலை ஆடக்கூடாது.

அவர் ரோட்டோரம் வந்து நின்றார்.

தினமும் சாயங்காலம் யானையைக் காட்டுக்குள் மேய விடுவார்கள். காலில் சங்கிலி இழுபடும். காலையில் பாகன் அந்தத் தடத்தைப் பார்த்துப் போய்க் கூட்டி வருவான். விடும்போது அவர் ஒரே ஒரு வார்த்தை சொல்வார். போறேன் என்று சொன்னதே இல்லை. காய்ச்சலிலும் காலையில் கூட்டிவரப் போயிருக்கிறார். மகள் கல்யாணத்தன்று காலையிலும் போயிருக்கிறார். அதனால் அந்த வார்த்தையை விருமன் முழுக்க நம்பியது.

இன்றைக்கு எதைச் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. சொல்லாமல் போகவும் மனம் வரவில்லை.

வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"விருமா, வர்றேண்டா."

தலை ஆடுவது நின்றது.

அவர் நடந்தார். திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அது மறுபடி தலையை ஆட்டத் தொடங்கிவிடும். முதுகில் அந்தப் பார்வை படுவது அவருக்குத் தெரிந்தது. பாவி, பொய் சொல்லிவிட்டோமே என்று நினைத்துக்கொண்டே நடந்தார்.

வளைவு வந்தது.

வெடித்தது.

எதிர்மலையிலிருந்து இன்னொரு முறை கேட்டது. அது எதிரொலியா, இரண்டாவது வெடியா என்று அவருக்குப் புரியவில்லை. அங்கேயே உட்கார்ந்தார். மூன்றாவது கேட்குமோ என்று காத்திருந்தார்.

கேட்கவில்லை.

திரும்பி வந்தபோது தேவசகாயம் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். வெறும் தோட்டாக்கூடு ஒன்று இருந்தது.

"ஒண்ணுதாம்ப்பா" என்றார்.

தடித்த தோட்டா பானட்டில் அப்படியே நின்றது.

வெள்ளிங்கிரி தலையை ஆட்டினார். ஜீப்பைத் தாண்டி ரோட்டின் விளிம்புக்குப் போனார். டாக்டரம்மா ஓடி வந்து கையைப் பிடித்தார்.

"மண்ணு சரியுதுங்கண்ணா. இனி இறங்கி என்ன பண்ணப் போறீங்க?"

"வர்றேன்னு சொல்லிட்டேனுங்கம்மா."

செருப்பைக் கழற்றி ரோட்டோரமாக வைத்துவிட்டு இறங்கினார்.