அங்கே சிரிக்கக் கூடாது

அங்கதத்தை அறியாத சமூகம் அழிந்தே தீரும்.

ஒரு வாரமாக எழுதிய முன்னுரைக்கு இன்று காலைதான் முதல் வரி கிடைத்தது. கிடைத்ததும், காப்பி என்று குரல் கொடுத்தார் பேராசிரியர்.

'ஆண்களுக்கு நிரந்தர ஓய்வு.' நாற்பது வருடத்துக்கு முந்தைய சிறுநூல். மறுபதிப்பு வருகிறது. எழுதியவர் ரெஜினா தேவசகாயம். அறுபது முடிந்த ஆண்களுக்குப் பொன்னாடை போர்த்தி, நாலு பேர் பாராட்டிப் பேசி, ஊர் எல்லையைத் தாண்டிக் கொண்டுபோய் விட்டுவிடச் சொல்கிறார்.

பேராசிரியருக்குப் போன மாதம்தான் பணி ஓய்வு. பொன்னாடை பீரோவில் இருக்கிறது.

இருந்தாலும் சிரித்தார். பேராசிரியர் அல்லவா.

ஒரே ஒரு சங்கடம். நூல் வந்த மறுவருடம் ரெஜினா தன் பதிப்பாளரை அரிவாள்மனையால் வெட்டினார். ஆள் பிழைத்துக்கொண்டார். மூன்று விரல்கள் பிழைக்கவில்லை.

எழுத்து வேறு, எழுதியவர் வேறு என்று முன்னுரையின் மூன்றாம் பக்கத்தில் அதையும் தீர்த்துவைத்திருந்தார்.

காப்பி வரவில்லை.

சமையலறையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. மனைவி வசுமதி தனியாகச் சிரித்து அவர் கேட்டதே இல்லை.

எழுந்து போனார்.

அடுப்பு எரியவில்லை. நூலின் இன்னொரு ஜெராக்ஸ் பிரதி அவள் கையில் இருந்தது. பாதிக்கு மேல் தாண்டியிருந்தாள்.

அவருக்குப் பெருமையாக இருந்தது. அங்கதம் அடுக்களை வரை வந்துவிட்டது.

"எந்த இடம்?"

விரல் வைத்துக் காட்டினாள்.

'ஆண்கள் போன பிறகு பெண்கள் கொஞ்ச நாளாவது அழுவார்கள்.'

நூலிலேயே அந்த ஒரு வரிதான் அங்கதம் இல்லை என்று அவர் இரண்டு பக்கம் எழுதியிருந்தார்.

"அங்க சிரிக்கக் கூடாது வசு. அது மட்டும் அந்தம்மா நிஜமாச் சொல்றாங்க."

"அப்படிங்களா," என்றாள். "அப்ப வெட்டுனது?"

பதில் மூன்றாம் பக்கத்தில் இருந்தது.

அவள் பக்கத்தின் ஓரத்தை மடித்துவைத்தாள். அலமாரியிலிருந்து டப்பாவை எடுத்தாள். அவர் வழக்கம்போல் கையை நீட்டினார். காலை மாத்திரைகளைப் போட்டாள்.

வெள்ளை இரண்டு. மஞ்சள் ஒன்று.

தண்ணீர்த் தம்ளரோடு எதிரில் நின்றாள். சிரிப்பு இன்னும் முழுசாக அடங்கவில்லை.

அவர் உள்ளங்கையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி உள்ளங்கையைப் பார்த்தார்.

பதினோரு வருடமாகச் சாப்பிடுகிறார். என்ன நிறம், எத்தனை என்று அவருக்குத் தெரியாது.